கீழ்வீட்டு மச்சு

கேத்வாடி ஒன்பதாம் சந்து, இரண்டாம் மாடி.
சாவியைத் தருமுன் தரகர் சொன்னது ஒன்றுதான்:
"தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, சாப்.
பர்மாத் தேக்கு. பலகைக்கு அடியில்
வேறொன்றும் கிடையாது.
உங்கள் தரைதான் கீழ்வீட்டுக்கு மச்சு."

செம்பூரில் மொசைக் தரையில்
வாளி வாளியாகக் கவிழ்த்து வளர்ந்தவன் நான்.
முதல் ஞாயிறே மறந்துபோனேன்.
அரை வாளிதான்.
பலகை குடித்தது போக மிச்சம்
விஜய்கர் அம்மையாரின் பருப்புச் சோற்றில் விழுந்தது.
துடைப்பக் கட்டையால் கீழிருந்து மூன்று தட்டு.
என் உள்ளங்கால் வழியாக
மராத்தி கற்கத் தொடங்கினேன்.

அப்புறம் பழகிற்று.
இரவுப் பணி முடிந்து ஜெசிந்தா
ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள்
பூந்துடைப்பம், ரேகை ஓடும் திசையிலேயே.
குறுக்கே இழுத்தால் மணல் கீறிவிடும்.
பழைய பனியனை நனை, பிழி,
இன்னும் பிழி,
தான் நனைந்தோமா என்று
துணிக்கே சந்தேகம் வரும்வரை.
ஃபினாயில் வேண்டாம், வெள்ளை பூக்கும்.
நாற்காலிக் கால்களுக்கு
ஜோடி தொலைந்த காலுறைகள்.
தலைதூக்கும் ஆணியை அன்றைக்கே அடித்து இறக்கு,
நாளைக்கு என்றால்
அது உன் பெருவிரலைக் கேட்கும்.

மழைக்காலத்தில் பலகைகள் ஊதி
ஒன்றையொன்று நெட்டித் தள்ளும்.
எலிகூட ரகசியமாய் நடக்க முடியாது.
ஜனவரியில் ஒல்லியாகிவிடும்.
விளக்கை அணைத்தால்
கீழ்வீட்டு ட்யூப்லைட்
எங்கள் இருட்டுக்குக் கோடு போட்டுத் தரும்.
அப்படி ஒரு ஜனவரியில்தான்
ஜெசிந்தாவின் கம்மல் திருகு உருண்டு
கட்டில் கால்வரை ஓடி, கொஞ்சம் யோசித்து,
இறங்கிப் போயிற்று.

கேட்கப் போனேன்.
அம்மையார் ஒன்றும் பேசாமல்
போர்ன்விட்டா டப்பாவைக் கொண்டுவந்து
செய்தித்தாளில் கவிழ்த்தார்.
ஒரு கைப்பிடிக் கடுகு. ஊக்குகள்.
செல்லாத இருபத்தைந்து பைசாக்கள்.
சீப்பின் பல். ஒரு குழந்தையின் பல்.
"இது நீங்கள் இல்லை,
உங்களுக்கு முன்னால் இருந்த சிந்திக்காரர்கள்.
இந்த ஜபமணி அவர்களுக்கும் முன்னால்.
கடுகு நீங்கள்தான்."
திருகு மேலாகவே கிடந்தது.

கூச்சத்தில் வாக்குக் கொடுத்தேன்:
மரத்தூளைப் பசையில் குழைத்து
எல்லா இடுக்கையும் அடைத்துவிடுகிறேன்.
"அடையுங்கள், என் டீயில் மண் விழாது."
வாசல்வரை வந்தவர் நின்றார்.
"அடுப்படிப் பக்கம் மட்டும் இருக்கட்டும்.
என் குக்கர் விசில் அடித்து
இரண்டு வருஷமாகிறது.
நீங்கள் ஏற்றும்போது நானும் ஏற்றுவேன்.
உங்களுடையதை எண்ணித்தான்
இறக்குகிறேன்."

அக்டோபர் வெயில். சாமான்கள் கட்டில்மேல்.
ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து
முழங்காலிட்டுத் தேய்க்கிறேன்.
பலகை முதலில் கறுக்கிறது,
பிறகு உள்ளிருந்து சிவக்கிறது.
கப்பல் உடைந்து கரையேறியவள்போல
ஜெசிந்தா கட்டிலில் உட்கார்ந்து பாவ் தின்கிறாள்.
"நாளைவரை நான் இறங்கவே கூடாதா?"
கூடாது.
அடுப்படி வந்ததும்
துணியை இன்னும் இறுக்கிப் பிழிகிறேன்.
அந்த ஓர் இடுக்கு
இப்போதும் திறந்துதான் இருக்கிறது.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி
மூலையில் போடக் கூடாது.
சூடேறித் தானே பற்றிக்கொள்ளும்.
வராந்தாக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தபோது
காலடியில் தட்டு.
இரண்டுதான். மூன்று இல்லை.

இரண்டுக்கு என்ன அர்த்தம் என்று
நான் இன்னும் படிக்கவில்லை.